மூச்சு அடங்காத பாறை

மண்ணில் பாறை செய்து விற்கிறோம் என்றால் குரும்பகரத்தில் எவனும் நம்புவதில்லை. நானும் முதலில் நம்பவில்லை. கண்ணாடித் தொட்டியில் உப்புத்தண்ணீர் ஊற்றிக் கடல் மீன் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அந்த மீனுக்கு ஒளியவும் ஒண்டவும் பாறை வேண்டுமாம். கடலில் இருக்கிற பவளப்பாறையைப் பெயர்த்தால் பிடித்து உள்ளே போடுவார்களாம். மண்ணைச் சுட்டுப் பாறை மாதிரி செய்து கொடுத்தால் சென்னையிலும் பெங்களூரிலும் வாங்கிக்கொள்வார்களாம். என் மகன் மாறன் போனைக் காட்டிக் காட்டி இதைச் சொன்னபோது, பையன் எவனிடமோ ஏமாந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஓட்டுக் கம்பெனியில் சூளைக்குத் தீ போட்டவன் நான். மண்ணைச் சுடத் தெரியும். அதைத் தண்ணீருக்குள் வைத்து அழகு பார்க்கிறவர்களைத்தான் எனக்குத் தெரியாது.

வேலை இதுதான். வண்டல் களிமண்ணோடு பாதிக்குப் பாதி உமி கலந்து மிதிக்க வேண்டும். தீயில் உமி எரிந்துபோகும், அது இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியேறி மீனின் கழிவைத் தின்னும் என்கிறான் மாறன். நான் பார்த்ததில்லை. தென்னங்கயிற்றைச் சுருட்டி மண்ணுக்குள் வைத்து மூடுவேன். கயிறும் எரிந்துபோனால் பாறைக்குள் வளைவளைவாக வழி கிடைக்கும். நிழலில் காயவிட்டு, சவுக்கு விறகும் கொட்டாங்கச்சியும் போட்டு, சூளைக் கண்ணில் நெருப்பு மஞ்சள் கட்டுகிற வரை சுட வேண்டும். சுட்டதை நேராகத் தொட்டியில் போடக்கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சாம்பலும் தூசியும் போக மாற்றி மாற்றிக் கழுவி, அப்புறம் காரைக்கால்மேட்டிலிருந்து கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து அதில் போட்டு வைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் நாறும். நாற்றம் போய்க் கடல் வாசம் வந்துவிட்டால் மீன் விடலாம்.

பாறையைத் தண்ணீரில் இறக்கியதும் உள்ளே அடைபட்ட காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். சீறுகிற சத்தம் கேட்கும். நானும் மாறனும் அதை மூச்சு என்போம். "மூச்சு அடங்கிடுச்சாடா?" என்று நான் கேட்பேன். "அடங்கிடுச்சுப்பா" என்பான் அவன். எங்களுக்குள் அது தொழில் பேச்சு. அந்த வார்த்தையை நான் வேறொரு வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

காரைக்காலில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற சேக் அலாவுதீன் பாய் ஒருநாள் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையைச் சூளைக் கரி பட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை பெரிய மனிதர் நம் சூளைக்கு எதற்கு வருகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

"ஒங்க மகன் சொன்னாப்ல. நீங்க பாறை செய்றீங்களாமே."

"செய்றது அவன் பேச்சு. சுடுறது நான்."

அவர் போனை நீட்டினார். கடலுக்கு அடியில் எடுத்த வீடியோப் படம். பச்சையாகத் தண்ணீர், நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை, கன்றுக்குட்டி கால் மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி. விலாப்பக்கம் ஒரு பொந்து. ஒரு கை வந்தது, பொந்துக்குள் மணிக்கட்டு வரை போனது, அப்படியே இருந்தது. கை திரும்பி வெளியே வரும் வரை நான் போனை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"யாரு கை?"

"என் மகன் அஜ்மீர் கை."

அஜ்மீர் துபாயில் கப்பலின் அடிப்பக்கத்தைச் சுரண்டுகிற முங்கு வேலை பார்த்தவன். லீவில் வந்தவன் காரைக்கால்மேட்டுச் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு படகில் போனான். படகு கவிழ்ந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் பிணமாகக் கரைக்கு வந்தார்கள். இவன் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் போய்விட்டது.

"ஒளிக்காம சொல்றேண்ணே" என்றார் பாய். "ஜமாஅத்துல பேசி முடிச்சாச்சு. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பள்ளிவாசல்ல காயிப் ஜனாஸா. மய்யித்து இல்லாமலே, ஒடம்பு கெடைக்காதவனுக்குத் தொழுவிக்கிறது. அது முடிஞ்சாத்தான் எங்க மருமவ நௌஷின் இத்தா இருக்க முடியும், புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு திரைக்குள்ள இருக்குறது. இத்தா கழிஞ்சா அவ பொறந்த வூட்டுக்குப் போவலாம், வேலைக்குப் போவலாம், இன்னொரு வாழ்க்கை பாக்கலாம். சின்ன வயசு. இப்ப அந்தப் புள்ளை பொண்டாட்டியும் இல்ல, கைம்பொண்ணும் இல்ல, நடுவுல நிக்குது. எங்க வூட்லதான் பிடி குடுக்கல. மவுத்தானதைக் கண்ணால பாத்தியளான்னு கேக்குறா. இப்பதான் கொஞ்சம் எறங்கி வந்திருக்கா. புள்ளையோட மீன்தொட்டி பாழாக் கெடக்கு, அதுல அவன் காட்டுன பாறை மாதிரி ஒண்ணு வச்சுக் குடுங்க, அதைப் பாத்துக்கிட்டு நான் இருந்துக்குறேன், நீங்க தொழுதுடுங்கங்கிறா."

"மண்ணு சுட்டா சுருங்கும் பாய். அதே பாறை வராது."

"மாதிரி வந்தாப் போதும். அந்த வெள்ளிக்கு முன்னாடி வேணும்."

நாள் போதாது என்று சொன்னேன். பெரிய உருப்படி, உள்ளே காய நேரம் எடுக்கும், ஊறவும் நேரம் எடுக்கும் என்றேன். அவர் மறுபடியும் வெள்ளிக்கிழமையையே சொன்னார். சரி என்று தலையாட்டினேன். மாறன் அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டான். நான் மண்ணை அடித்து உருட்டிப் படம் பார்த்துப் பாறை பிடித்தேன். பொந்தைக் குடைந்தபோது மட்டும் படத்தை மூடிவைக்கச் சொன்னேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே என் கையை உள்ளே விடப் பிடிக்கவில்லை.

சுட்டு எடுத்ததும் தட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில் இறக்கினோம். மற்றப் பாறையெல்லாம் இறக்கியவுடன் கஞ்சி பொங்குகிற மாதிரி நுரை தள்ளும். இது அப்படித் தள்ளவில்லை. பொந்திலிருந்து ஒரு கொப்புளம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. போகலாம் என்று திரும்பும்போது இன்னொன்று வந்தது.

"உள்ள வழி நீளம்பா. மெதுவா வருது" என்றான் மாறன்.

"நீளந்தான். நான்தானே கயிறு வச்சேன்."

அவன் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க அந்தத் தொட்டிக்கு முதுகைக் காட்டி நான் உட்காரவில்லை.

மூச்சு அடங்கும் முன்பே வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. ஈரச்சாக்கில் சுற்றிப் பாறையை பாய் வீட்டுக்குக் கொண்டுபோனோம். பழைய காலத்து வீடு, உயரமான கதவுகள். அஜ்மீரும் நௌஷினும் இருந்த அறையில்தான் தொட்டி இருந்தது. கட்டிலுக்கு நேர் எதிரே, சுவர் நீளத்துக்கு. மாறன் ஏற்கெனவே வந்து கழுவிக் கடல்தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். அஜ்மீர் வளர்த்ததில் ஒரே ஒரு மீன்தான் மிச்சம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பாறையை இறக்கி மோட்டாரைப் போட்டோம். நீல விளக்கு எரிந்தது. பாறை மண்ணாகத் தெரியவில்லை. அந்தப் படத்தில் பார்த்த மாதிரியேதான் படுத்திருந்தது.

பாய் உடனே மீனை விடலாமா என்று கேட்டார்.

"இன்னும் மூச்சு இருக்கு பாய். அடங்கட்டும். அதுக்கப்புறம் விடுங்க."

கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற ஹஃபீஸாம்மா, பாயின் மனைவி, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அதுவரை அந்த அம்மாவின் குரலை நான் கேட்டதில்லை.

"என்னாண்ணே சொன்னீங்க?"

"மூச்சு இன்னும் அடங்கலம்மா. உள்ள இருக்கு. அதான்..."

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டியளா? நான் சொன்னா பைத்தியங்குறியளே. ஒரு அசலார் வாயில வருது. உள்ள இருக்காம். அடங்கலயாம்."

"ஹஃபீஸா, அவரு கல்லைச் சொல்றாரு."

"என் புள்ளை கையை விட்டுப் பாத்த கல்லு."

"அது கடல்ல இருக்கு. இது இவங்க சுட்டது."

"மூச்சு இருக்கிறவனுக்கு எவனாச்சும் ஜனாஸா தொழுவானா? நீங்களே சொல்லுங்க. ஹயாத்தோட இருக்கிறவனுக்குத் தொழுவுற பள்ளி எந்த ஊர்ல இருக்கு?"

வாசற்படியில் ஒரு பெண் டீத்தட்டோடு நின்றாள். நௌஷின். தட்டு ஆடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். ஏன்யா வாயைத் திறந்தாய் என்பது மாதிரி ஒரு பார்வை. திரும்பிப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை நடக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் நடக்கவில்லை. பாய் போன் பண்ணும்போதெல்லாம் மாறன் என்னைப் பார்ப்பான். "அடங்கிடும்னு சொல்லு" என்பேன். எந்தப் பாறையும் இத்தனை நாள் மூச்சு விட்டதில்லை. வெளியே சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் நௌஷின் ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அது எப்ப நிக்கும்?"

"நின்னுடும்மா."

"எப்பன்னு கேட்டேன்."

"உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்றேன். கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் இப்படித் தேடி வந்து கேட்கிற யாரையும் எனக்கு நம்பத் தோன்றாது.

அவள் கோபப்படவில்லை. "நாகூர்ல எங்க உம்மா வூட்டுப் பக்கத்து ஸ்கூல்ல டீச்சர் வேலை இருக்கு. எடத்தை இன்னும் எனக்குன்னு வச்சிருக்காங்க. அதுக்குத்தான்னு நெனச்சுக்குங்க" என்றாள். ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டு, "வேற ஒண்ணும் இருக்கு" என்றாள்.

"என்னா?"

"நான் அந்த ரூம்லதான் படுக்குறேன். மொதல்ல மாமிக்கு மட்டுந்தான் அது அவரு மூச்சு. இப்ப எனக்கும் அப்படித்தான் கேக்குது. அசந்து தூங்குனா அவரு ஒரு மூச்சை விட்டுட்டு அடுத்ததுக்கு ரொம்ப நேரம் எடுப்பாரு. எனக்குப் பயமாயிடும். தோள்ல தட்டுவேன். இப்ப கண்ணாடியைத் தட்டுறேன்."

"தட்டுனா?"

"தட்டுனா வருது."

மாறன் உமி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"இங்க பாரும்மா, காரணம் இருக்கு" என்றேன். "உங்க மாமனாரு அவசரப்படுத்துனாரு. சரியாக் காயாமலே சூளையில ஏத்திட்டேன். நடுவுல வேகாம கறுப்பா நின்னுருக்கும். அங்க உமியும் கயிறும் எரியாம கெடந்து, இப்ப தண்ணியில அழுகிப்போவுது. அழுகுனா காத்து வரும். குட்டையில சேத்தை மிதிச்சா கொப்புளம் வருதுல்ல, அது மாதிரி."

"நிச்சயமா?"

"வேற என்னவா இருக்கும்?"

"அதை மாமிகிட்ட வந்து சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மறுநாள் போனேன். அன்று காரைக்காலில் மராமத்துக்காகப் பகல் முழுக்கக் கரண்டு கிடையாது. அந்த அறைக்குள் நுழைந்ததும்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. மோட்டார் ஓடவில்லை, விளக்கில்லை, மின்விசிறி இல்லை. தொட்டித் தண்ணீர் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் கறுத்துக் கிடந்தது. ஹஃபீஸாம்மா தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். பொந்திலிருந்து ஒரு கொப்புளம் ஏறி மேலே உடையும். அந்த அம்மா ஒரு மணி தள்ளுவார். அடுத்தது வரும் வரை விரல் நிற்கும்.

மாறன் மோட்டார் குழாயையெல்லாம் கழற்றிக் காட்டினான். எந்த வழியாகவும் காற்று போகவில்லை. எவனாவது குழாய் செருகி ஏமாற்றுகிறானா என்று பாறையின் அடியிலும் பின்னாலும் நானே தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம் பொந்துக்கு முன்னால் மிதந்த தூசித் துணுக்கு ஒன்றைப் பார்த்தேன். கொப்புளம் வரும்போது அது வெளியே தள்ளப்பட்டது. அது சரி. கொப்புளம் போனபின் மெதுவாகப் பொந்துப் பக்கம் இழுபட்டு, வாசல் வரை போய் நின்றது. மறுபடி வெளியே வந்தது. அழுகுகிற உமி காற்றை வெளியேதான் விடும். உள்ளே இழுக்காது.

சட்டைக் கையை மடக்கிப் பொந்துக்குள் கையை விட்டேன். தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. உள்ளே கை வைத்த இடம் இளஞ்சூடாக இருந்தது, குழந்தை வாயில் விரல் வைத்த மாதிரி. கையை வேகமாக எடுத்துவிட்டேன். ஹஃபீஸாம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்குல்ல?"

"அழுகுனா சூடு வரும்மா" என்றேன். எருக்குழியிலும் சூடு வரும் என்று சொன்னேன். வேகாத கறுப்பு மண்ணைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பேச்சை நானே நம்பவில்லை.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "அழுகுதுன்னா நாறணுமில்ல? மோந்து பாருங்கண்ணே."

மோந்து பார்த்தேன். நல்ல கடல் வாசம்தான் வந்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவரும் மோந்து பார்த்திருப்பார் போல.

"கல்லை எடுத்துட்டுப் போயிடட்டும் ஹஃபீஸா. போதும்" என்றார் பாய்.

"எடுத்தா மூச்சு முட்டிச் சாவான். புள்ளையைக் கொல்லப் பாக்குறியளா?"

அப்போதுதான் நௌஷின் உள்ளே வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் ஒண்ணு கேக்குறேன். கோவப்படாதீங்க. மூச்சு இருக்குன்னே வச்சுக்குவோம்."

"இருக்கு."

"இருக்கு. எப்படி இருக்கு? எழுந்து உக்காருறவனோட மூச்சா? நீங்க ஒங்க வாப்பாவுக்குக் கடைசியில பக்கத்துல இருந்தீங்க. நல்லாக் கேளுங்க. இது அந்த மூச்சுதானே?"

ஹஃபீஸாம்மா காதைக் கொடுத்துக் கேட்டார். எல்லோரும் கேட்டோம். ஒரு கொப்புளம். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மணி உருட்டுகிற விரல் நடுவில் நின்றிருந்தது. அடுத்தது வந்தபோது பாய் சட்டையின் மார்புப் பக்கத்தைக் கசக்கிப் பிடித்தார்.

"ரெண்டு வருஷமா நம்ம இப்படி வச்சிருக்கோம் மாமி" என்றாள் நௌஷின். "விடவும் மாட்டேங்குறோம், பக்கத்துல இருக்கவும் மாட்டேங்குறோம். கடல்ல அவருகிட்ட யாரும் இல்ல. யாசீன் ஓதல. கலிமா சொல்லிக் குடுக்கல. வாயில தண்ணி வைக்கல. மூச்சு இருக்கிறவருக்குத் தொழக்கூடாதுன்னு சொன்னீங்க. சரி. மூச்சு இருக்கிறப்ப என்னா செய்யணுமோ அதையாச்சும் செய்வோம்."

"பாறைக்கா?" என்றார் பாய். "பாவம் வருமே புள்ளை."

"பாறைக்கு இல்ல மாமா."

மாமியார் தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நௌஷின் எழுந்து, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிலோரம் தரையில் விரித்து, என்னையும் மாறனையும் தூக்கச் சொல்லாமல், தானே இரண்டு கையையும் தோள் வரை தண்ணீரில் விட்டாள். கனமான பாறை. அவளால் முடியாது என்று நான் கை கொடுக்கப் போனேன். தள்ளு என்று தலையாலேயே சொன்னாள். மார்போடு அணைத்துத் தூக்கி அந்தத் துணியில் கிடத்தினாள். புடவையெல்லாம் நனைந்து ஒட்டியது.

வெளியே எடுத்தால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பாறைக்குள்ளிருந்து தண்ணீர் வடிய வடிய அந்த வழியெல்லாம் காற்று ஏறி இறங்கியது. தொண்டையில் சளி கட்டிக்கொண்டு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் வடிகிற சத்தம்தான். எத்தனை பாறையைத் தூக்கியிருக்கிறேன், ஒன்றும் இப்படி இழுத்ததில்லை. மாறன் மெதுவாக வாசலுக்கு நகர்ந்துவிட்டான்.

ஹஃபீஸாம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பாறையின் ஈரத்தைத் தன் முந்தானையால் துடைத்தார், காய்ச்சல்காரனைத் துடைக்கிற மாதிரி. ஒரு சின்ன பாட்டிலைத் திறந்து, ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பொந்தின் வாயில் விட்டார். ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் என்று பின்னால் மாறன் சொன்னான். நௌஷின் பொந்துக்குப் பக்கத்தில் கன்னம் வைத்துப் படுத்து மெதுவாகக் கலிமா சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்துவாள். இழுப்புச் சத்தம் ஒன்று வரும். மறுபடி சொல்லுவாள். பாய் சுவரோரம் நின்று யாசீன் ஓத ஆரம்பித்தார். நான் அந்த மதத்துக்காரன் இல்லை. ஆனாலும் என் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

பள்ளியில் சாயங்காலத்து அஸர் பாங்கு சொன்னார்கள். அது முடிந்தபோது அடுத்த இழுப்பு வரவில்லை. காத்திருந்தோம். நௌஷின் கையை ஓங்கினாள், தட்டுவதற்கு. பாறைக்கு மேலே கை நின்றது. தட்டவில்லை. அப்படியே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிட்டான்" என்றார் ஹஃபீஸாம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அப்புறம் மருமகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை தொழுவச் சொல்லுங்க" என்றார்.

பாறையைச் சாக்கில் சுற்றி நாங்கள் வண்டியில் ஏற்றும்போது பாய் தெருவரை வந்தார்.

"வூட்டுக்குப் போயி ஒடைச்சுப் பாருங்கண்ணே."

"எதுக்கு பாய்? முடிஞ்சுபோச்சு."

"பொம்புளைங்களுக்கு முடிஞ்சுபோச்சு. பள்ளியில போயி என் மகன் மவுத்துன்னு சொல்லப்போறவன் நான். நீங்க சொன்ன மாதிரி நடுவுல கறுப்பா இருந்தா அது அழுகுன காத்து. மனசு ஒத்துக்கும். நல்லா வெந்திருந்துச்சுன்னா..." சாக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்க. வெந்திருந்தா நான் தொழுவ விட மாட்டேன். இன்னும் பொறுக்குறேன்."

"அந்தப் பொண்ணு?"

"அவளும் பொறுக்கத்தான் வேணும்."

சூளைக்கு வந்ததும் சம்மட்டி எடுத்தேன். மாறன் வேண்டாம்பா என்றான். எனக்கும் பயம்தான். ஆனால் கறுப்பாகத்தான் இருக்கும் என்று நிச்சயமாக இருந்தேன். வேறு எப்படி இருக்க முடியும்? முதல் அடியில் விலா பிளந்தது. அடுத்ததில் இரண்டாகப் போனது.

உள்ளே சிவப்பு. ஓரத்திலிருந்து நடு வரை ஒரே சிவப்பு. கம்பெனியில் முதல் தரம் என்று அடுக்குவோமே, அந்த மாதிரி வெந்திருந்தது. உமி எரிந்த ஓட்டையெல்லாம் ஊசியால் குத்தின மாதிரி சுத்தமாக இருந்தது. கயிறு போன வழி வழவழப்பாக இருந்தது. கரி இல்லை, அழுகல் இல்லை, ஒரு நார் இல்லை. மாறன் ஒவ்வொரு துண்டாக எடுத்து மோந்து பார்த்தான். மோந்து பார்த்துக் கீழே வைத்தான்.

"அப்பா, இது எப்படி..."

"வாயை மூடு."

போன் அடித்தது. பாய். மாறன் என்னிடம் நீட்டினான். வாழ்நாள் முழுக்க எவன் முகத்துக்கும் பயப்படாமல் உள்ளதைச் சொல்லிக் கெட்டபெயர் வாங்கினவன் நான். சூளையைப் பற்றி என்றைக்கும் பொய் சொன்னதில்லை, கம்பெனி மேஸ்திரி அடிக்க வந்தபோதுகூட.

"ஒடைச்சியளாண்ணே?"

"ஒடைச்சேன்."

"எப்படி இருக்கு?"

எனக்கு அந்தப் பெண்ணின் கை ஞாபகம் வந்தது, தட்டாமல் இறக்கிக்கொண்ட கை.

"கறுப்பு பாய். கரி மாதிரி. நான் சரியாச் சுடல."

மாறன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். போனைக் கொடுத்துவிட்டு, துண்டுகளை அள்ளிச் சாக்கில் போடச் சொன்னேன். வழக்கமாக உடைந்ததை இடித்துப் பொடியாக்கி அடுத்த மண்ணில் கலந்துவிடுவோம். இதைக் கலக்க வேண்டாம் என்றேன். அவன் சாக்கின் வாயைக் கட்டினான்.

வெள்ளிக்கிழமை காரைக்காலுக்குப் போய்ப் பள்ளிக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். ஜும்மா முடிந்தும் ஆட்கள் கலையவில்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். வரிசை வரிசையாக நின்றார்கள். பிரேதம் வைக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. வெறும் தரை. அந்த வெறும் தரைக்கு முன்னால் அத்தனை பேரும் கைகட்டி நின்றார்கள்.

பாய் வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். கண் வீங்கியிருந்தது. நௌஷின் அறையில் இத்தாவுக்குத் திரை போட்டாகிவிட்டது என்றார். நாகூர் ஸ்கூலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம், இத்தா கழிந்ததும் வருவாள் என்று. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"கறுப்புதானேண்ணே?"

"கறுப்புதான்" என்றேன்.

அவர் என் கையை விடக் கொஞ்ச நேரம் ஆனது.